முகவரியை யாரும் படிப்பதில்லையா?

ஜெயநகர் 4-வது பிளாக், 11-வது மெயின், 33-வது கிராஸ். பெங்களூரில் இப்படிச் சொன்னால் போதும், பலகைகளைப் படித்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிடலாம். இதே ஊரில் இணையதளம் கட்டுகிறவர்கள்தான், “யூ.ஆர்.எல்லை யார் சார் படிக்கிறாங்க? எல்லாரும் கூகிள்ல தேடித்தானே வர்றாங்க” என்கிறார்கள். நான் உட்காரும் கூட்டங்களில் எல்லாம் இதைக் கேட்கிறேன். தவறான பேச்சு இது.

போன மாதம் அல்சூரிலிருந்து பெரியப்பா போன் செய்தார். கையில் ஓர் அலுவலகம் கொடுத்த அறிவிப்புத்தாள். விண்ணப்பப் பக்கத்தின் முகவரி அதில் இரண்டு வரிக்கு அச்சாகியிருந்தது: இன்டெக்ஸ் டாட் பி.எச்.பி, கேள்விக்குறி, சமக்குறி, அதன்பின் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீளவால். “ஏம்ப்பா, இங்க கோடு மாதிரி ஒண்ணு நிக்குதே, அது ‘ஐ’யா, ‘எல்’லா, இல்ல நம்பர் ஒண்ணா?” என்றார். மூன்று தடவை தட்டினார். மூன்று தடவையும் பக்கம் வரவில்லை. கடைசியில் பஸ் ஏறி நேரிலேயே போய்வந்தார். அவர் அந்த முகவரியைப் படித்தார், எழுத்தெழுத்தாகப் படித்தார்.

இதற்கான மருந்து புதிதும் அல்ல. எளிய முகவரியை உள்ளுக்குள் நீள முகவரியாக மாற்றிக்கொள்ளும் மாட்_ரீரைட்டை அப்பாச்சி சர்வருக்காக ரால்ஃப் எங்கல்ஷல் எழுதியது 1996-ல். கேட்ட பெயரில் கோப்போ கோப்புறையோ இருந்தால் அதைக் கொடு, இல்லாவிட்டால் இன்டெக்ஸ் பக்கத்திடம் ஒப்படை: விதி இவ்வளவுதான். என்ஜின்எக்ஸ் சர்வரில் அதற்கு ட்ரை_ஃபைல்ஸ் என்ற ஒரே வரி. எச்.டி.ஆக்சஸ் கோப்பில் விதியை எழுதிவிட்டு, “வேலை செய்யல” என்று கைவிடுகிறவர்கள் அதிகம். சர்வர் கான்ஃபிக்கில் அலோஓவர்ரைடு ‘நன்’ என்று இருந்தால் அப்பாச்சி அந்தக் கோப்பைத் திறந்தே பார்க்காது. என்ஜின்எக்ஸுக்கு அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. பிரதான கான்ஃபிக்கிலேயே எழுதுங்கள், வேகத்துக்கும் அதுதான் நல்லது.

தமிழில் முகவரி வைத்தால் ஒட்டும்போது சதவீதக் குறிகளாகச் சிதறுகிறதே என்பார்கள். உண்மைதான், ‘பெங்களூரு’ என்ற சொல் 81 குறிகளாக நீளும். ஆனால் பிரவுசரில் அது தமிழாகவே தெரிகிறது. தமிழ் விக்கிப்பீடியா தன் கட்டுரைகளுக்கு அப்படித்தான் முகவரி வைத்திருக்கிறது. அதுவும் ஒத்துவராது என்றால் நாலு எளிய சொற்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

லிங்க்கைத் தொடும் முன் முகவரியைப் பாருங்கள் என்று வங்கிகள் எச்சரிக்கின்றன. பார்க்க வேண்டியது தளத்தின் பெயரைத்தான். ஆனால் உண்மையான தளமே மூன்று வரிக் குப்பையை அனுப்பிக்கொண்டிருந்தால் மோசடி லிங்க்கை எதை வைத்து அடையாளம் காண்பது? முகவரி என்றாலே புரியாத ஒன்று என்று மக்களைப் பழக்கிவிட்டவர்கள் நாம்.

அலுவலகங்களும் அப்படியே நிற்பதில்லை. 2007-ல் வந்த மாநகராட்சியான பி.பி.எம்.பி-யின் இடத்தில் 2025-ல் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் வந்துவிட்டது. மென்பொருள் அதைவிட அடிக்கடி மாறும். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதினார். கோப்பின் வால், மென்பொருளின் அடையாளம் எதுவும் முகவரியில் வேண்டாம் என்றார். பி.எச்.பி என்று பொறித்த முகவரி, ஜாவாவுக்கு மாறும் நாளில் செத்துவிடும்.

பெரியப்பா அந்தத் தாளை மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறார். அடுத்த வருடம் எடுத்துத் தட்டினாலும் புதிய பக்கத்துக்குப் போய்ச்சேர, பழைய முகவரியைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ‘301’ வரி ஒன்று சர்வரில் வேண்டும். அதை எழுதாமல் எந்தப் புதுத் தளத்தையும் திறக்காதீர்கள்.