இரும்புக்கை யாருடைய கை?

சிங்காநல்லூர் பக்கம் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒரு தோழர் போன வாரம் வழக்கோடு வந்தார். "ஏனுங்க தோழர், பையன் எந்நேரமும் போனையே நோண்டிட்டு இருக்கறானுங்க. சுடறான், சாகறான், மறுபடி எந்திரிச்சுச் சுடறான். எங்க காலத்துல படக்கதைப் புஸ்தகம் பசங்களைக் கெடுத்துச்சு. இப்ப இது கெடுக்குது. ரெண்டையும் சேர்த்து நல்லாச் சாட்டை போட்டு எழுதுங்க" என்றார்.

எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்டபடி எழுத முடியவில்லை. காரணம், முதலில் என் குற்றத்தையே நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டப் போன கடையில், என் முறை வந்த பிறகும் "அண்ணா, இன்னொருத்தருக்கு வெட்டிடுங்க" என்று இடம் விட்டுக் கொடுத்து, படக்கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தவன் நான். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் நின்றுகொண்டே படித்துத் துரத்தப்பட்டவன். அந்தப் புத்தகத்தின் நாயகன் பெயர் இரும்புக்கை மாயாவி.

வந்த கதை

இந்த மாயாவி நம் ஊர்க்காரன் அல்ல. 1962 அக்டோபரில் இங்கிலாந்தில் தொடங்கிய 'வேலியன்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் பிறந்தவன். கதை எழுதியவர் கென் புல்மர். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீஸஸ் பிளாஸ்கோ. பத்து வருஷம் கழித்து, 1972இல், சிவகாசியில் சௌந்தரபாண்டியன் என்பவர் முத்து காமிக்ஸ் என்ற வெளியீட்டைத் தொடங்கினார். அதன் முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. பின்னால் வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி என்று வரிசையாக வந்தார்கள். 1984இல் அதே குடும்பத்திலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது.

அதற்கு முன்னாலும் தமிழில் படக்கதை உண்டு. 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவை டீக்கடை பெஞ்சில் படிக்காத மில் தொழிலாளி உண்டா? முடியாத வழக்குக்கும் தீராத பேச்சுவார்த்தைக்கும் "கன்னித்தீவு" என்று பெயர் வைத்ததே நம் ஜனங்கள்தான். ஆனால் பையன்களின் பையில், பாடப் புத்தகத்துக்கு நடுவில் ஒளிந்துகொண்டு பள்ளிக்கூடம் போனவன் மாயாவியே. இன்றைக்கும் அவன் மறக்கப்படவில்லை. கிணத்துக்கடவில் பிறந்த சினிமா இயக்குநர் லோகேஷ் கனகராஜ், அதே பெயரில் படம் எடுக்கும் ஆசையைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கிடைத்த வரவேற்பு

பையன்கள் கொண்டாடினார்கள். பெரியவர்கள் திட்டினார்கள். வாத்தியார் பிடுங்கி வைத்தார். அப்பா கிழித்துப் போட்டார். "இதைப் படிக்கிற நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஆகாதா?" என்பது வீட்டு நியாயம். "இது வெளிநாட்டுக் குப்பை, ஏகாதிபத்தியத்தின் கஞ்சா" என்பது நம் தோழர்கள் சிலரின் நியாயம்.

நம்மவர்களின் நியாயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கப் பயங்கரப் படக்கதைகள் பிரிட்டனில் வந்து குவிந்தபோது, அவற்றை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்களில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகள் முக்கியமானவர்கள். ஆசிரியர்களும் பாதிரிமார்களும் சேர்ந்துகொண்டார்கள். 1955இல் பார்லிமெண்டு தடைச் சட்டமே போட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் 1954இலேயே வெளியீட்டாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கைக் குழுவை வைத்துக்கொண்டார்கள்.

இதன் பலன் என்ன? களையை வெட்டப் போய்ப் பயிரையும் வெட்டினார்கள். வசவு வாங்கிய அமெரிக்கக் கம்பெனிகளில் ஈ.சி. என்று ஒன்று. அது பயங்கரக் கதையும் போட்டது; 1953இல் நிறவெறியைக் கண்டிக்கிற கதை ஒன்றும் போட்டது. வேறொரு கிரகத்துக்கு வந்த பூமியின் தூதன், அங்கே ஆரஞ்சு நிற யந்திர மனிதர்கள் நீல நிற யந்திர மனிதர்களை ஒதுக்கி வைத்திருப்பதைப் பார்க்கிறான். "நீங்கள் இன்னும் தயாராகவில்லை" என்று சொல்லித் திரும்புகிறான். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றினால் அவன் ஒரு நீக்ரோ! 1956இல் இதை மறுபடி அச்சிடப் போனபோது தணிக்கைக்காரர் சொன்னது என்ன தெரியுமா? அந்த மனிதன் கறுப்பாக இருக்கக்கூடாது என்பதே. கம்பெனி எதிர்த்து நின்று அப்படியே போட்டது. தணிக்கைக் கத்தியை ஆண்டையின் கையில் கொடுத்தால் அது யார் கழுத்தைத் தேடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பிரான்ஸ் தேசத்துத் தோழர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். 1948இல் தங்கள் தினசரியான 'லுமானிட்டே'யில் 'பிஃப்' என்ற நாய்க்குட்டியின் படக்கதையைத் தொடங்கினார்கள். வரைந்தவர் ஹோசே கப்ரேரோ அர்னால். ஸ்பெயின் குடியரசுக்காகப் போராடி, ஹிட்லரின் மவுத்தாசன் முகாமில் அடைபட்டு உயிர் பிழைத்து வந்த மனிதர். அந்தக் கொடுமைகளை எல்லாம் பார்த்த கை, தொழிலாளிகளின் குழந்தைகள் சிரிப்பதற்காக ஒரு நாய்க்குட்டியை வரைந்தது. பின்னால் அந்த நாய்க்குட்டியின் பெயரிலேயே சிறுவர் வாரப் பத்திரிகை வந்து லட்சக்கணக்கில் விற்றது. "இதைப் படிக்காதே" என்று சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை; "இதைப் படி" என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

கை போன கதை

சரி, மாயாவியின் கதையில் குறையே இல்லையா? இருக்கிறது. அதுவும் சின்னக் குறை இல்லை.

லூயி கிராண்டேல் என்பவன் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். உதவியாளன் என்றால் யார்? சம்பளத்துக்கு வேலை செய்கிறவன், நம்மைப் போல. வேலையில் நேர்ந்த விபத்தில் அவனுடைய வலது கை போய்விடுகிறது. இரும்புக்கை பொருத்துகிறார்கள். பிறகு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோகும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முதலில் கொள்ளைக்காரனாகத் திரிகிறான். அப்புறம் திருந்தி, நிழல் படை என்ற ரகசிய அமைப்பின் ஆளாகிறான்.

விபத்து ஏன் நடந்தது? யந்திரத்துக்குக் காப்பு இருந்ததா? நஷ்ட ஈடு யார் கொடுத்தார்கள்? கதை ஒரு கட்டத்திலும் கேட்கவில்லை. தொழிலாளியின் கை போனது கதைக்கு வெறும் வாசற்படி. அதைத் தாண்டியதும் மறந்தாயிற்று.

கொங்கு நாட்டில் கை போவது கதையல்ல. கார்டிங் மிஷின் உருளையில் போயிருக்கிறது. பவர் பிரஸ்ஸில் விரல் விரலாகப் போயிருக்கிறது. தோட்டத்தில் கரும்பாலையில் போயிருக்கிறது. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மிஷினில் போயிருக்கிறது. 1923ஆம் வருஷத்து நஷ்ட ஈட்டுச் சட்டம் இதற்கெல்லாம் ஓர் அட்டவணையே வைத்தது. மணிக்கட்டோடு கை போனால் சம்பாதிக்கும் சக்தியில் 60 சதம் நஷ்டம். கட்டைவிரல் போனால் 30 சதம். ஆள்காட்டி விரல் போனால் 14 சதம். அறுந்த இழையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு ஒட்டியே பிழைக்கிற ஸ்பின்னிங் தொழிலாளிக்கு, ஆள்காட்டி விரல் போன பிறகு 86 சதம் மிச்சம் இருக்கிறதாம்! கணக்குப் போட்டவர் ஒரு நாள் ரிங் பிரேம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. மாயாவி தமிழுக்கு வந்த அதே 1972இல் சர்க்கார் கான்பூரில் செயற்கை அவயவ உற்பத்திக் கழகத்தை ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால் நம் ஊர்ப் பையன்களுக்குக் கான்பூர்க் கை தெரியாது. மாயாவியின் கைதான் தெரியும்.

என்னோடு படித்த ஒருவனின் அப்பா மில்லில் கையை இழந்தவர். மணிக்கட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. வெளியே போகும்போது தோள் துண்டை இழுத்து அதை மூடிக்கொள்வார். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார மாட்டார். அந்தப் பையன் ஒரு நாள் நோட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்தான். அப்பா மில் கேட்டில் நிற்கிறார். கையிருந்த இடத்தில் இரும்புக்கை. எதிரே மேஸ்திரி நடுங்குகிறான். நோட்டு அப்பா கையில் சிக்கிவிட்டது. அடி விழும் என்று இருந்தோம். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "விரலு அஞ்சையும் ஒழுங்கா வரைடா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பையன் ஏன் மாயாவியை விரும்பினான் என்று எனக்கு இன்றைக்கும் விளக்கம் தேவையில்லை. ஊர் முழுவதும் பரிதாபமாகப் பார்த்த கையை, அந்தப் புத்தகம் ஒன்றுதான் பலமாகக் காட்டியது. கதை சொன்னவன் கேட்காமல் விட்ட கேள்வியை, படித்தவன் தன் நோட்டில் கேட்டுவிட்டான். குப்பை என்று கிழித்துப் போட்டிருந்தால் அந்தக் கேள்வியும் சேர்ந்தல்லவா கிழிந்திருக்கும்?

சிரிப்புக்கு மட்டும் பழக்கினால்

இப்போது காலம் மாறிவிட்டது. படக்கதை காகிதத்தை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் டிம் பக்லி என்பவர் 2002இல் 'கன்ட்ரோல் ஆல்ட் டெலீட்' என்ற படக்கதையை இணையத்தில் தொடங்கினார். வீடியோ விளையாட்டே கதியென்று கிடக்கும் வாலிபர்களின் தமாஷ். விளையாட்டுப் பிரியர்கள் ஏராளமாகப் படித்தார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. 2008 ஜூன் மாதம் அவர் திடீரென்று ஒரு நாள் தமாஷை விட்டுவிட்டார். நான்கு கட்டங்கள், ஒரு வார்த்தை கிடையாது. நாயகன் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். கடைசிக் கட்டத்தில், கர்ப்பம் கலைந்துபோன அவன் துணைவி படுக்கையில் கிடந்து அழுகிறாள். படித்தவர்கள் அழுதார்களா? பெரும்பாலோர் நகைத்தார்கள். அந்த நான்கு கட்டத்தையே வைத்து வருஷக்கணக்காகப் பரிகாசப் படங்கள் போட்டார்கள்.

அவர்கள் நெஞ்சு கல் என்று நான் சொல்லமாட்டேன். ஆறு வருஷம் சிரிப்பை மட்டும் விற்ற கடையில் ஒரு நாள் துக்கத்தை வைத்தால் யார் நம்புவார்கள்? பெண்ணின் வேதனை அந்தக் கதையில் அதுவரை இடம் பெற்றிருந்தால், அன்றைக்கு அது அந்நியமாகத் தெரிந்திருக்காது. ஜனங்களின் வாழ்க்கையை ஒதுக்கி வைத்து வளர்கிற கலை, ஒரு நாள் அந்த வாழ்க்கையைத் தொட நினைத்தாலும் கை கூசி நிற்கும். மாயாவி கேட்காமல் விட்ட கேள்விக்கும் இதுவே பாடம்.

போன் விளையாட்டு

லைன் வீட்டுத் தோழரின் வழக்குக்கு வருகிறேன். அவர் நினைப்பது போல் படக்கதையும் போன் விளையாட்டும் ஒன்றல்ல. ஒரு மாயாவி புத்தகத்தைப் பத்துப் பையன்கள் படித்தார்கள். பத்தாவது பையனிடம் கம்பெனி ஒரு பைசாவும் கேட்கவில்லை. போன் விளையாட்டு வாசலில் இலவசம். உள்ளே போனால் துப்பாக்கிக்கு ஒரு விலை, சட்டைக்கு ஒரு விலை. வாத்தியார் பிடுங்கினால் புத்தகம் போகும். இங்கே அப்பாவின் கூலியல்லவா போகிறது!

சர்க்கார் 2020இல் பப்ஜியைத் தடை செய்தது; 2022இல் ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தது. தேசப் பாதுகாப்பு காரணம் என்றார்கள். பப்ஜி அடுத்த வருஷமே வேறு பெயரில் திரும்பி வந்தது. பணம் வைத்து ஆடும் சூதாட்டமோ குடும்பங்களைக் கொன்றது. அதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டசபை 2022 அக்டோபரில் மசோதா நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்ற வேண்டியதாயிற்று. சூதாட்டக் கம்பெனியைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் பையனைக் கம்பெனியோடு சேர்த்துக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவன் விளையாடக் கேட்கிறான், கதை கேட்கிறான். லைன் வீட்டுச் சந்தில் மைதானமும் இல்லை, நூல்நிலையமும் இல்லை. போன் ஒன்றுதான் இருக்கிறது.

செய்ய வேண்டியது

சின்னியம்பாளையத்துத் தியாகிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட மில் தொழிலாளிகள். அவர்கள் கதையை வருஷா வருஷம் மேடையில் சொல்கிறோம். பெரியவர்கள் கேட்கிறார்கள், பையன்கள் பந்தலுக்குப் பின்னால் விளையாடுகிறார்கள். கட்டம் கட்டி, படம் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். முடிவெட்டும் கடையில் முறை விட்டுக் கொடுத்துப் படிப்பான்.

அதைவிட அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது. இன்றைக்கு நம் மில்களிலும் பட்டறைகளிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். "யந்திரம் ஓடும்போது கை வைக்காதே" என்று தமிழில் எழுதிய பலகை அவர்களுக்கு வெறும் கோடு. படம் எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும். காப்பு இல்லாத பிரஸ். உள்ளே நீளும் கை. வீட்டில் காத்திருக்கும் தாய். காப்பைப் போடச் சொல்லி மேஸ்திரி முன்னால் நிற்கும் நாலு பேர். சங்கப் பலகையில் இதை ஒட்ட எத்தனை செலவு ஆகும்?

ஆகவே தோழரே, பையனிடம் சண்டை போடாதீர்கள். போன் விளையாட்டில் என்ன பார்க்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு நீங்கள் வேலை செய்கிற மிஷினைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். எங்கே கை போகும், எங்கே காப்பு இல்லை என்று சொல்லுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். அவன் வரைந்ததைச் சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள்.

விரல் ஐந்தையும் ஒழுங்காக வரையச் சொல்லுங்கள்.