டி.வி-யில் ஓட்டை... புத்தகத்தில் ஒட்டு!

டி.வி-யில் விண்வெளித் தொடர் ஓடுகிறது. 'இது எப்படி சாத்தியம்?' என்று கேட்பதற்குள் ஒரு வெடிச் சத்தம், பின்னணி இசை, அடுத்த காட்சி. கேள்வி காணாமல் போய்விடும். அதே கதை புத்தகமாக வந்தால்? வாசகர் நாலு பக்கம் பின்னால் புரட்டி, 'அங்கே வேற மாதிரி சொன்னீங்களே!' என்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவார்.

தமிழில் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனுக்குப் போனது. பிரிட்டனில் 'டாக்டர் ஹூ' தொடரின் கதைகள் 1970-களில் வரிசையாக நாவல்களாயின. வீட்டில் வீடியோ இல்லாத காலம். தவறவிட்ட எபிசோடுக்குப் புத்தகம்தான் கதி. டெர்ரன்ஸ் டிக்ஸ் மட்டுமே 60-க்கும் மேல் எழுதினார்.

அந்த வரிசையில் மால்கம் ஹல்க் எழுதிய கதை சுவாரஸ்யமானது. 1970-ல் வந்த அவரது ஏழு எபிசோடுகளில், பூமிக்கடியில் உறங்கிய ஊர்வன மனிதர்கள் விழித்துக்கொள்கிறார்கள். பெயர், 'சிலூரியன்கள்'. அங்கேதான் ஓட்டை! சிலூரியன் காலம் 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. ஊர்வன இனமே அப்போது கிடையாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரங்களை இன்று பழுப்பு நிலக்கரியாகத் தோண்டும் நெய்வேலியிலும், பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்திலும் ஒரு பள்ளி மாணவரே இதைக் கேட்டுவிடுவார்.

1972-ல் அடுத்த கதையில் 'இயோசீன்கள் என்பதே சரி' என்று ஒரு வசனம் வைத்தார் ஹல்க். அதுவும் நிற்கவில்லை. கதைப்படி இவர்கள் வாலில்லாக் குரங்குகளைப் பார்த்தவர்கள். இயோசீனில் அவை இன்னும் தோன்றவில்லை. ஓட்டையை அடைக்கப் போய் புது ஓட்டை!

1974-ல் இதை நாவலாக்கியபோது, சண்டை போடாமல் நகர்ந்துகொண்டார். 'ஊர்வன மனிதர்கள்' என்றே குறிப்பிட்டார். ஆளுக்கொரு பெயர் வைத்தார். உறங்கப்போகும் முன் அவர்களுக்கு இருந்த பயத்திலிருந்தே நாவலைத் தொடங்கினார். டி.வி-யில் ரப்பர் உடைக்குள் ஒரே மாதிரி தெரிந்த எதிரிகள், புத்தகத்தில் சொந்த வீட்டைத் திரும்பக் கேட்பவர்களாக மாறினார்கள். கடைசியில் அவர்களின் குகைகள் தகர்க்கப்படும்போது, வாசகருக்கு வலிக்கிறது.

ஆனால், ஓர் ஓட்டையை அவர் தொடவே இல்லை. ஒரு சிறு கோள் நெருங்குவதைப் பார்த்துத்தான் அவர்கள் உறங்கப்போனார்கள். அதுவே நிலவானது என்கிறது கதை. உண்மையில், நிலவு கிட்டத்தட்ட பூமியின் வயதுக்காரர். அதைத் திருத்தினால் உறங்கக் காரணமே இருக்காது. கதையும் இருக்காது!

பிடித்த எபிசோடைக் கதையாக எழுதிப் பார்க்கும் இளசுகளுக்கு இதில் பாடம் இருக்கிறது. பெயரில், எண்ணில் தவறா? மாற்றிவிடுங்கள். பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்று புரியவில்லையா? அதன் மனதுக்குள் போய் எழுதுங்கள். கதையின் அஸ்திவாரமே தவறா? ஒரே ஒரு பொய்யாக அதை விட்டுவைத்து, மற்ற எல்லாவற்றையும் உண்மையாக்குங்கள். ஒரு பொய்யை வாசகர் மன்னிப்பார். அதை மறைக்கச் சொல்லும் பத்து பொய்களைத்தான் மன்னிக்கமாட்டார்!