சீட்டு இல்லாத வேலை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் வில்லோ ரன் ஆலையில் குண்டுவீச்சு விமானங்களுக்கு ரிவிட் அடித்தவர்களில் பெண்கள் ஏராளம். 1945-ல் உற்பத்தி நின்றது, வேலை போனது. ஆனாலும் சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது.

ஆம்பூரில் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. கம்பெனிக்குள் தைப்பவருக்காவது பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. இவருக்கு ஏஜென்ட் கொண்டுவந்து போடும் கட்டு, ஜோடிக் கணக்கில் கூலி. அடுப்பில் உலை கொதிக்கும்போதும் கையில் ஊசிதான். விரல் புண்ணானால் மருந்துக்குச் சொந்தக் காசு. கண் மங்கினால் கண்ணாடிக்கும் அதேதான்! தைத்த ஷூ மட்டும் கப்பலேறி ஐரோப்பா போய்விடும்.

2020 ஊரடங்கில் கட்டு வருவது நின்றது. வேலை போய்விட்டது என்று யாரிடமாவது காட்ட, கையில் ஒரு சீட்டுகூட இல்லை.