கைக்குள் அடங்கும் போலீஸ் வண்டி

மனிதர்கள் சேகரித்து வைக்கும் வஸ்துக்களுக்குக் கணக்கே கிடையாது. தபால் தலை சேர்ப்பவர் உண்டு; செல்லாக் காசு சேர்ப்பவர் உண்டு; தீப்பெட்டிச் சீட்டுச் சேர்ப்பவரும் உண்டு. ஆனால் போலீஸ் வண்டியைக் கண்டால் சற்று ஒதுங்கி நிற்பதுதான் சாதாரண மனிதரின் வழக்கம். அந்த வண்டியையே வீட்டுக்குள் வரவேற்று, கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிறுத்தி, தூசி படாமல் துடைத்துப் பேணுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னால் நேயர்களில் சிலர் புன்னகை புரியக்கூடும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இத்தகையவர்கள் பலர் உண்டு. பழைய போலீஸ் மோட்டார்களை அளவு பிசகாமல் சிறிய உருவத்தில் செய்வதும் சேர்ப்பதும் அவர்களுடைய பொழுதுபோக்கு.

இது குழந்தை விளையாட்டில் பிறந்த கலை என்பது வாஸ்தவமே. லிவர்பூல் நகரத்தில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் நடத்திய மெக்கானோ தொழிற்சாலை, பொம்மை ரயில் பாதைக்கு ஓரத்தில் நிறுத்துவதற்கென்று சிறு மோட்டார் வண்டிகளை வார்த்து விற்றது. 1934-இல் அவற்றுக்கு ‘டிங்கி டாய்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பொம்மை ரயிலில் நிஜ ரயிலின் ஓர் அடி ஏழு மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. கணக்குப் போட்டால் 43-இல் ஒரு பங்கு என்று வரும். இன்று உலகமெங்கும் மாதிரி மோட்டார் செய்கிறவர்கள் 43 என்ற அந்த விசித்திர எண்ணைப் பிடித்துக் கொண்டிருப்பதற்கு மூல காரணம் இதுவே. அமெரிக்கர்களுக்கோ 25-இல் ஒரு பங்குதான் பிரியம்.

பொம்மைக்காரர்கள் உண்மையைப் பற்றி அதிகமாகக் கவலைப்படவில்லை. டிங்கி கம்பெனி 1960-இல் 258 என்ற எண்ணுடன் ஓர் அமெரிக்கப் போலீஸ் வண்டியை வெளியிட்டது. முதலில் அது டி ஸோட்டோ, பின்னர் அதே எண்ணில் டாட்ஜ், அப்புறம் போர்டு, கடைசியில் காடிலாக்! பையன்களுக்கு வண்டி கறுப்பாக இருந்து, கதவில் போலீஸ் என்று எழுதியிருந்தால் போதும். பெரியவர்களுக்கு அது போதவில்லை. அங்கேதான் விளையாட்டு முடிந்து சிரத்தை ஆரம்பமாகிறது.

அளவு என்பது எவ்வளவு கண்டிப்பான எஜமானன் என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஐந்து மீட்டர் நீளமுள்ள வண்டி 25-இல் ஒரு பங்கானால் 20 சென்டிமீட்டர். 43-இல் ஒரு பங்கானால் 12 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கதவில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் எழுதப்பட்டிருந்த எழுத்து, பெரிய மாதிரியில் இரண்டு மில்லிமீட்டர் ஆகிவிடும். ரேடியோவுக்காக நிறுத்திய மூன்று மில்லிமீட்டர்க் கம்பியோ, மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான்! அதற்கு வாத்தியங்களின் மெல்லிய தந்தியைத் தேடிப் போகிறார்கள். எடையில் இன்னும் வேடிக்கை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 25 மடங்கு குறைந்தால் எடை 15,625 மடங்கு குறைய வேண்டும். 1,600 கிலோ எடையுள்ள வண்டி நூறு கிராம் சுமாராக நிற்கும்.

வேலை செய்யும் முறையும் பொறுமையைச் சோதிப்பதே. பிளாஸ்டிக் துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி, பிசிறு தேய்த்து, ஒட்டி, வர்ணம் தெளிக்க வேண்டும். வர்ணம் தடித்தால் கதவின் கோடுகள் மூழ்கிப் போகும். முகப்பின் பளபளப்புக்கு மிக மெல்லிய உலோகத் தகட்டை ஒட்டி ஓரம் கத்தரிக்கிறார்கள். கதவின் முத்திரை தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் சித்திரம், டெக்கால் என்பார்கள். வீட்டில் உள்ள அச்சு யந்திரங்களில் சாதாரணமாக வெள்ளை மை கிடையாது. கறுப்புக் கதவில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு தனிப் பிரயத்தனம் செய்தாக வேண்டும்.

கைத்திறமை இருந்தால் மட்டும் போதாது. சரித்திரமும் தெரிந்திருக்க வேண்டும். டிட்ராயிட் நகரப் போலீஸார் 1928-இல் வண்டிகளில் ரேடியோ வைத்தார்கள். ஆனால் அது கேட்கும் ரேடியோவே அன்றிப் பேசும் ரேடியோ அன்று. ஸ்டேஷனிலிருந்து உத்தரவு வரும். பதில் சொல்ல வேண்டுமானால் போலீஸ்காரர் இறங்கிப் போய் டெலிபோனைத் தேட வேண்டியதுதான். வண்டியிலிருந்தே பேசும் வசதி 1933-இல் நியூ ஜெர்ஸியைச் சேர்ந்த பேயோன் நகரத்தில் ஏற்பட்டது. ஆகையால் 1930-ஆம் வருஷத்து வண்டிக்குள் கையில் பிடித்துப் பேசும் ஒலிவாங்கியை வைத்தவர், எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் பரீட்சையில் தவறியவரே. கூரையில் சுழலும் விளக்கும் அப்படித்தான். அது 1940-களின் கடைசியில் பரவத் தொடங்கிய வழக்கம்.

இன்னொரு உதாரணம். 1955-இல் காலிபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸார் ப்யூக் செஞ்சுரி வண்டிகளை வாங்கினார்கள். அவை இரண்டு கதவுள்ளவை. கனத்த எஞ்சினும் இலேசான உடலும் சேர்ந்தவை. அந்த உருவத்தில் செஞ்சுரியைப் பொது ஜனங்களுக்கு விற்கவே இல்லை. கடையில் விற்ற செஞ்சுரியை மாதிரியாக வைத்துக் கொண்டு, அதற்குக் கறுப்பும் வெள்ளையும் பூசியவர் ஒருநாளும் ஓடாத ஒரு வண்டியைச் செய்தவராகிறார்.

இங்கிலாந்தின் உல்ஸ்லி 6/80 இதற்கு நேர்மாறு. 1948 முதல் 1954 வரையில் உற்பத்தியான அந்த வண்டியைக் கண்ணியமான குடும்பஸ்தர்களும் வாங்கினார்கள், போலீஸாரும் வாங்கினார்கள். போலீஸ் வண்டியில் முன்புறம் ஒரு மணி தொங்கும். உல்ஸ்லி வண்டிகளின் முகப்பிலுள்ள பெயர்ச் சின்னம் இரவில் உள்ளிருந்து ஒளி வீசும். அந்த மணியும் கறுப்பு நிறமும் கூரைப் பலகையுமே வித்தியாசம். அந்தச் சிறிய மணியைச் சரியாகச் செய்வதில்தான் முழு வண்டியின் உயிரும் இருக்கிறது.

இவ்வளவு தேடுதல் ஏன் என்று கேட்கலாம். போலீஸ் வண்டிக்குக் கிழப் பருவம் கிடையாது. இரவு பகலாக ஓட்டித் தேய்ந்தபின், முத்திரையைச் சுரண்டி, விளக்கைக் கழற்றி, ஏலத்தில் விட்டுவிடுவார்கள். செல்வர்களின் அலங்கார மோட்டார்கள் கொட்டகைகளில் பத்திரமாக இருக்கின்றன. ஊர் காத்த வண்டிகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. மிஞ்சுபவை சில புகைப்படங்கள். பழைய பிலிம்களில் ஒரு வகை சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளுப்பாகவும் காட்டும். படத்தில் வெள்ளையாகத் தெரியும் கதவு உண்மையில் இளநீலமாக இருந்திருக்கலாம். ஆகவே படத்தை மட்டும் நம்பாமல், கொள்முதல் கணக்குகளையும் ஓய்வு பெற்ற போலீஸ்காரர்களின் ஞாபகத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சேகரிப்பவர்களுக்கு வேறொரு துயரமும் உண்டு. பழைய டிங்கி வண்டிகள் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டவை. அந்தக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால், வருஷக்கணக்கில் உலோகம் உள்ளுக்குள்ளேயே உப்பி, வெடித்து, ஒருநாள் பொடியாக உதிர்ந்து விடும். இந்த வியாதிக்கு மருந்து இல்லை. யுத்தத்துக்கு முந்திய பொம்மைகள் பல இவ்வாறு அலமாரியில் இருந்தபடியே மாண்டிருக்கின்றன. ஊறு மனிதனாலும் வருகிறது. உதிர்ந்த பழைய வண்டிக்குப் புது வர்ணம் அடித்து, புது முத்திரை ஒட்டி, ‘அந்நாளைய அசல்’ என்று கூசாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் நேர்மையான கைவினைஞர் தாம் செய்ததின் அடிப்புறத்தில் தம் பெயரையும் வருஷத்தையும் எழுதி வைப்பது நலம். நாளை அது பிறரை ஏமாற்றாமல் இருக்க வேண்டுமல்லவா?

இனி, இந்தப் பொழுதுபோக்கின் அடியில் இருக்கும் பெரிய கேள்விக்கு வருவோம். உலகின் முதல் போலீஸ் மோட்டார் எனப்படுவது 1899-இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்து ஆக்ரன் நகரில் ஓடியது. பிராங்க் லூமிஸ் என்னும் எஞ்சினியர் வகுத்த மின்சார வண்டி அது. விலை 2,400 டாலர். வேகம் மணிக்கு 16 மைல். ஒரு தடவை மின்சாரம் ஏற்றினால் 30 மைல் போகும். அதற்குக் கிடைத்த முதல் உத்தியோகம், குடித்துவிட்டுத் தெருவில் கிடந்த ஒருவரை ஏற்றி வந்தது.

இதுவரை கதை சிரிப்பாக இருக்கிறது. மறுவருஷம், 1900 ஆகஸ்டில், குற்றம் சாட்டப்பட்ட ஒரு கறுப்பு மனிதரை விசாரணையின்றிக் கொல்வதற்காகப் பெருங்கூட்டம் ஒன்று அந்நகரில் திரண்டது. அதிகாரிகள் அவரை முன்கூட்டியே கிளீவ்லாந்துக்கு இரகசியமாக அனுப்பிக் காப்பாற்றி விட்டார்கள். ஏமாந்த கூட்டம் நகரக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. இரண்டு குழந்தைகள் உயிரிழந்தன. அந்த மின்சார வண்டியைக் கால்வாயில் தள்ளினார்கள்.

இப்போது சொல்லுங்கள்: இந்த வண்டியின் மாதிரியைச் செய்கிறவர் எதைச் செய்கிறார்? பளபளவென்று வர்ணம் பூசி அலமாரியில் நிறுத்திவிட்டால் அளவு சரியாயிருக்கும்; சரித்திரம் பாதிதான் இருக்கும். போலீஸ் வண்டி சில சமயம் ஏழையைக் காத்தது. சில சமயம் அவனை அச்சுறுத்தியது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தால், எழுத்தும் மணியும் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்த மாதிரி பொய் சொல்கிறது. பக்கத்தில் ஒரு சிறு அட்டையில் நான்கு வரி எழுதி வைக்கலாம்: எந்த ஊர், எந்த வருஷம், என்ன நடந்தது. அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை; ஆனால் அலமாரி பள்ளிக்கூடமாகிவிடும்.

விடுமுறைக்குப் பிள்ளைகளை என்ன செய்வதென்று திகைக்கும் பெற்றோர்களுக்கு இக்கலையை நாம் சிபாரிசு செய்கிறோம். ஒரு பெட்டி பிளாஸ்டிக் துண்டுகளும், ஓர் அளவுகோலும், சிறிது பசையும் போதும். பிள்ளை முதல் வாரத்தில் கைகளில் பசையை அப்பிக் கொள்வான், இரண்டாவது வாரத்தில் பெருக்கல் வகுத்தல் செய்வான், மூன்றாவது வாரத்தில் “இது நிஜமாகவே இப்படித்தான் இருந்ததா?” என்று கேட்பான். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளையை எந்த விளம்பரமும் எந்த அதிகாரமும் எளிதில் ஏமாற்ற முடியாது.