பந்தியில் வேற்றுமை இல்லை

சீக்கியர் என்றவுடன் தலைப்பாகையும் வாளுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. அச்சமயத்தின் உள்ளத்தை அறிய விரும்புவோர் முதலில் காண வேண்டியது அதன் அடுக்களையையே என்பது என் கருத்து.

சீக்கிய சமயத்தைத் தோற்றுவித்த குருநானக், இன்று பாகிஸ்தானில் உள்ள தல்வண்டி என்னும் ஊரில் 1469-ஆம் ஆண்டு பிறந்தார். இறைவன் ஒருவனே, அவன் உருவமற்றவன், அவன்முன் மாந்தர் அனைவரும் நிகர் என அவர் அறிவுறுத்தினார். இறைவனை நினைத்தல், நேர்மையாக உழைத்தல், பகிர்ந்து உண்ணல் ஆகிய மூன்றும் சீக்கியர்தம் கடமைகள். பத்தாம் குருவாகிய கோவிந்த சிங் 1699-இல் கால்சா அமைப்பை நிறுவினார். தமக்குப்பின் திருநூலாகிய குரு கிரந்த சாகிபே குரு என 1708-இல் அறிவித்தார். கபீர், இரவிதாசர் முதலிய பிற அடியார்களின் பாடல்களும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன.

குருத்துவாராக்களில் 'லங்கர்' என்னும் பொது அடுக்களை உண்டு. அங்கே செல்வரும் வறியவரும் தரையில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பர். அவ்வரிசையைப் பஞ்சாபியர் 'பங்கத்' என்பர். நாம் வழங்கும் 'பந்தி' என்னும் சொல் அதற்கு உறவுடையதே.

இவ்வடுக்களை ஒருகாலத்தில் நாம் வாழும் கரமனையை உள்ளடக்கிய திருவிதாங்கூருக்கும் வந்தது. வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் யாவரும் நடக்கும் உரிமை வேண்டி, 1924 மார்ச் 30 அன்று அறப்போர் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் ஈ.வெ.ரா. அதில் பங்கேற்றுச் சிறைப்பட்டார். பஞ்சாபிலிருந்து வந்த அகாலிகள் போராடியவர்களுக்காக அங்கே இலவச உணவுச்சாலை திறந்தனர். காந்தியடிகள் இதனை ஏற்கவில்லை. உள்ளூர் மக்கள் தம் வலிமையைக் கொண்டே போராட வேண்டும் என்று அவர் எண்ணினார். உணவுச்சாலையும் பின்னர் மூடப்பட்டது.

தன்மானம் காக்க விழையும் அவ்வெண்ணம் மதிக்கத்தக்கதே. எனினும், லங்கர் உணவை இரந்துண்ணும் உணவாகக் கருதுதல் பொருந்தாது. இரப்பவர் கை தாழ்ந்தும் ஈபவர் கை உயர்ந்தும் இருக்கும். லங்கரிலோ இன்று உண்டவர் நாளை பாத்திரம் துலக்குவார். சமைத்தவரும் அதே தரையில் அமர்ந்து உண்பார். ஒரே தெருவில் நடக்கவும் உரிமை மறுக்கப்பட்ட ஊரில் அனைவரும் ஒரே பந்தியில் அமர்வது, போராட்டம் வேண்டிய சமத்துவத்தை அன்றே வாழ்ந்து காட்டுவதாகும்.

மாணவர்களே, சமத்துவத்தை ஏட்டில் எழுதுவது எளிது. பள்ளியில் உணவு வேளையில் நாம் யாருடன் அமர்கிறோம், யாரை விலக்கி அமர்கிறோம் என்பதில்தான் அது விளங்கும். மொழியும் ஊரும் உணவும் வேறாயினும், நம் வரிசையில் இன்னொருவருக்கு இடம் விடுவோம்.