சட்டசபைக் கணக்கும் வாய்க்கால் தண்ணீரும்

தேர்தல் முடிந்ததும் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று டீக்கடையில் விரல் விட்டு எண்ணுகிறோம். அந்தக் கணக்கு நம் வயலை எப்படித் தொடுகிறது என்று பார்ப்பதில்லை.

தமிழகச் சட்டசபைக்கு 234 இடங்கள். 118 இருந்தால் பெரும்பான்மை. 2021 தேர்தலில் தி.மு.க. 133 இடங்களிலும் அ.தி.மு.க. 66 இடங்களிலும் காங்கிரஸ் 18 இடங்களிலும் வென்றன. மீதி 17 இடங்கள் ஐந்து சிறு கட்சிகளுக்குப் போயின. அந்தச் சபையில்தான் 2021 ஆகஸ்ட் 14 அன்று வேளாண்மைக்கென்று முதல் தனி பட்ஜெட் வந்தது. நல்ல காரியம். அதே சபையில் 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா விவாதமின்றி நிறைவேறியது. ஓடையும் வாய்க்காலும் அடங்கிய 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலங்களைப் பற்றிய சட்டம் அது. கடைமடை விவசாயிக்கு வாய்க்கால்தானே உயிர்?

பெரும்பான்மை இருந்தால் மசோதா நிறைவேறும். அது முறைதான். ஆனால் ஓர் உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்டிருந்தால், விஷயம் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்திருக்கும்.

எனவே விவசாயிகளே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கட்சியை மட்டும் கேட்காதீர்கள். நம் தண்ணீரைப் பற்றிய மசோதா வரும் நாளில் சபையில் இருப்பீர்களா, வாய் திறப்பீர்களா என்றும் கேளுங்கள்.