ஏர் இன்டேக் மாத்தினா கார் பவர் எகிறுமா? சத்தம் கூடுது சரி... குதிரைத்திறன் கூடுதா?

பானெட்டைத் திறந்து, கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, சிவப்பு நிறக் கூம்பு ஃபில்டரை மாட்டுவார்கள். அடுத்த ஷாட்டில் எஞ்சின் உறுமும். ‘பவர் ஏறிடுச்சு’ என்று கமென்ட் பறக்கும். இப்படி ஒரு ரீல்ஸையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி பல ஆயிரம் வரை விற்கும் இந்த ‘ஏர் இன்டேக் கிட்’, நம்ம ஊர் 1.2 லிட்டர் காருக்கு உண்மையிலேயே பலன் தருமா?

எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேணும்?

1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். அதிகக் காற்று உள்ளே போனால் அதிக பெட்ரோலை எரிக்கலாம், பவர் கூடும். இன்டேக் விற்பவர்கள் சொல்வது இதைத்தான். இதுவரைக்கும் தப்பே இல்லை.

ஆனால், கம்பெனி கொடுத்த பெட்டி அந்தக் காற்றைத் தடுக்கிறதா? 1.2 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது நிமிடத்துக்கு சுமார் 3,600 லிட்டர் காற்றை இழுக்கும். இந்தத் தேவையை வைத்துத்தான் ஃபில்டரையும் குழாயையும் கம்பெனி வடிவமைக்கிறது. ஃபில்டர் சுத்தமாக இருந்தால் வழியில் இழக்கும் அழுத்தம் சில சதவீதம்தான். தடையை மொத்தமா நீக்கினாலும் லாபம் அந்த அளவில்தான் நிற்கும்.

தாராளமாக 3 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 85 குதிரைத்திறன் காரில் அது இரண்டரை குதிரை. 1,000 கிலோ காரில் 30 கிலோ எடையைக் குறைத்தாலும் பிக்கப்பில் கிட்டத்தட்ட இதே வித்தியாசம் வரும். டிக்கியில் மாசக்கணக்கில் கிடக்கும் சாமானை இறக்கினால் போதும், செலவும் இல்லை.

அந்த இரண்டரை குதிரையும் எப்போதும் வராது

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. பெட்ரோல் எஞ்சினில் ஃபில்டருக்கு அடுத்து த்ராட்டில் என்றொரு கதவு இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதிப்பது இந்தக் கதவைத் திறக்கத்தான். கிண்டி, கோயம்பேடு டிராஃபிக்கில் ஊரும்போது அது கொஞ்சமாகத்தான் திறந்திருக்கும். அதாவது, காற்றைத் தடுப்பது ஃபில்டர் இல்லை, உங்கள் கால். வாசலைப் பெரிதாக்கிவிட்டு உள்கதவைப் பாதி மூடி வைத்தால் எப்படி? ஆக்ஸிலேட்டரை முழுசா மிதித்து, எஞ்சினை உயர்ந்த ஆர்.பி.எம்.மில் ஓட்டும்போது மட்டுமே புது இன்டேக்குக்கு வேலை.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பொருந்துகிறது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் அடைபட்ட ஃபில்டரை மாற்றியபோது மைலேஜில் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆனால், முழு வேகத்தில் விரட்டும்போது பிக்கப் நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது.

கிட் மாட்டிய பலர் ‘வித்தியாசம் தெரியுது’ என்பார்கள். பொய் சொல்லவில்லை. இரண்டு வருஷமா மாற்றாத அழுக்கு ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருப்பார்கள். சில நூறு ரூபாய் கம்பெனி ஃபில்டர் போட்டிருந்தாலும் அதே வித்தியாசம் தெரிந்திருக்கும்.

அப்போ டைனோ வீடியோக்கள்?

அமெரிக்க வீடியோக்களில் வருவது பெரும்பாலும் 5 லிட்டர் வி8 மாதிரி எஞ்சின்கள். 400 குதிரைத்திறனில் 3 சதவீதம் என்றால் 12. கேட்கவே நல்லாருக்கு. நம்ம காரில் அது இரண்டரைதான். இன்னொன்று, டைனோ சோதனையில் பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய ஃபேனும் ஓடும். சாலையில் பானெட் மூடியிருக்கும். திறந்த கூம்பு ஃபில்டர் எஞ்சினின் சூட்டையே உறிஞ்சும். 40 டிகிரி காற்றைவிட 70 டிகிரி காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. வெயில் காலத்தில் சிக்னலில் நின்று கிளம்பும்போது இருந்த பவரும் குறையலாம்.

சத்தம்? அது நிஜம்தான். கழற்றிய பெட்டியில் காற்றின் இரைச்சலை அடக்கும் அறைகள் இருக்கும். அது போனதும் உறுமல் கேபினுக்குள் வரும். காது கேட்பதை மூளை வேகம் என்று நினைத்துக்கொள்கிறது. சத்தம் பிடிக்கும் என்று வாங்கினால் அது உங்கள் ரசனை. பவர் என்று வாங்கினால்தான் ஏமாற்றம்.

டர்போ கார்களில் கதை கொஞ்சம் வேறு. ஈ.சி.யு. நிர்ணயித்த பூஸ்ட் அளவைத் தாண்ட விடாது என்பதால் இன்டேக் மட்டும் போட்டால் பெரிசா ஒன்றும் நடக்காது. ரீமேப்பும் சேர்ந்தால் பவர் கூடும். அதில் பெரும்பங்கு ரீமேப்புக்குத்தான்.

மழை வந்தால்?

‘கோல்டு ஏர் இன்டேக்’ வகையில் குளிர்ந்த காற்றுக்காக ஃபில்டரை பம்பருக்குப் பின்னால், தாழ்வாக வைப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைத் தெருக்கள் எப்படி இருந்தன என்று ஞாபகம் இருக்கும். அப்படித் தேங்கிய நீரில் தாழ்ந்த ஃபில்டர் மூழ்கினால் எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடே வளைந்துவிடும். ‘எஞ்சின் புரொடெக்‌ஷன்’ கூடுதல் கவர் இல்லாத சாதாரண இன்சூரன்ஸில் பொதுவாக இதற்குப் பணம் வராது. கம்பெனி வாரன்டியிலும், கோளாறுக்கு அந்த கிட்தான் காரணம் என்று கையை விரிக்க வாய்ப்பு உண்டு.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கலிஃபோர்னியாவில் சாலையில் ஓடும் கார்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விலக்கு எண் பெற்ற இன்டேக்கைத்தான் மாட்ட முடியும். ஆசை விடவில்லை என்றால் கம்பெனி பெட்டிக்குள்ளேயே பொருந்தும், துவைத்துப் போடும் ஃபில்டர்கள் கிடைக்கின்றன. துவைத்த பிறகு எண்ணெயை அளவோடு தடவுங்கள். அதிகமானால் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து, செக் எஞ்சின் லைட் எரியலாம்.